வளையல் போட்ட கை

தாராவி
9 பிப்ரவரி 2023

ஹரிதா மேடத்துக்கு,

என் வீட்டுக்காரர் கரீம் பாட்சா நலமாக இருக்கிறார். இதை எழுதும்போது எனக்கு எதிரே உட்கார்ந்து தோலின் ஓரத்தைச் சீவிக்கொண்டிருக்கிறார். கடிதத்தை வேறு மாதிரி தொடங்கத் தோன்றவில்லை. செம்பூரில் பல பேர் அவர் இறந்துவிட்டதாக நினைத்து வருத்தப்படுகிறார்கள் என்பது எங்களுக்கு நேற்றுத்தான் தெரியவந்தது.

எங்கள் மகள் தமன்னா படிக்கும் மாட்டுங்கா கல்லூரியின் கேண்டீனில் ஒரு பெண் அவளைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறாள். முகநூலில் உன் அப்பாவைப் பற்றி வந்த பதிவை மம்மி காட்டினாள் என்றாளாம். அந்த மம்மி உங்கள் குழுவில் இருக்கிறார். இவளுக்கு ஒன்றும் ஓடாமல் வீட்டுக்கு ஃபோன் போட்டாள். எடுத்தது அவர்.

"வாப்பா, நீங்கதானா?"

"பின்ன யாரு?"

சாயங்காலம் உங்கள் பதிவை அவள் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னாள். 'கணவனைப் பறிகொடுத்த மர்யம், அவர் விட்டுச்சென்ற ஊசியைக் கையில் எடுத்தாள்' என்ற இடம் வந்ததும் இவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "எனக்கு எப்ப மௌத்தாச்சு? ஒரு வார்த்த சொல்லலியே. சரி, எந்த ஊசிய விட்டுட்டுப் போனேன்? நல்ல ஊசியா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

நவம்பரில் தொண்ணூறு அடி ரோட்டுக் கடையில் எங்கள் பையைப் பார்த்துவிட்டு நீங்கள் வீடு தேடி வந்தீர்கள். அன்று தைத்துக் காட்டியவர் அவர். உங்களுக்கு டீ வாங்கிவந்தவரும் அவர்தான். நான் ஓரத்துக்குச் சாயம் பூசுகிறேன், உள்துணி வைக்கிறேன். தையல் முழுக்க அவருடையது. எல்லாம் தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள்.

வாட்ஸ்அப்பில் சொன்னால் போதாதா என்றாள் தமன்னா. அங்கே எழுதுவது எங்கெங்கோ போய்விடுகிறது. காகிதம் போகாது. பார்சல் எடுக்க வரும் நாகராஜிடம், பழுப்புப் பையின் உள் ஜிப்பில் இதை வைத்துக் கொடுத்தனுப்புகிறேன்.

அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள்.

மர்யம்


செம்பூர்
12 பிப்ரவரி 2023

அன்புள்ள மர்யம் அக்கா,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது குழுவின் விதிகளைத் தெரியாத கோபம். அதனால் விதிகளைச் சொல்லிவிடுகிறேன்.

'செம்பூர் சகி மண்டலி' முகநூல் குழுவில் பொருள் விற்கப் புதன்கிழமை மட்டும்தான் அனுமதி. மற்ற நாட்களில் கதை மட்டும்தான் போடலாம். அதுவும் பெண்கள் கையால் செய்த பொருளாக இருக்க வேண்டும். இதில் வந்தனா மிகவும் கண்டிப்பு. குழுவை ஆரம்பித்தவர் அவர். ஒரு பெண் ஊறுகாய் போட்டாள், மூடியைத் திருகியது கணவன் என்று தெரிந்து பதிவை நீக்கினார்.

மூன்று மாதம் நான் ஒவ்வொரு புதனும் உங்கள் பையின் படத்தைப் போட்டேன். 'நைஸ்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். வாங்கியது என் தங்கை மட்டும்தான்.

உங்கள் கதையை எழுத உட்கார்ந்தேன். கணவர் தைக்கிறார் என்று எழுத முடியாது. கணவர் இருக்கிறார், ஆனால் தைக்கவில்லை என்று எழுதினால், அப்படியானால் அவர் என்ன செய்கிறார் என்று கேட்பார்கள். குடிக்கிறார் என்று எழுதலாம், குழுவில் அதற்கு நல்ல வரவேற்பு இருக்கிறது. ஆனால் அண்ணனைப் பற்றி அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. இறந்தவரை யாரும் குறை சொல்வதில்லை. யோசித்துப் பாருங்கள், இருந்த வழிகளில் மரியாதையானது அதுதான். எழுதும்போது நானே அழுதேன்.

கௌசிக் கேலி செய்கிறான். "ஒரு ஆளைக் கொன்னுட்டுப் பை விக்கறியா?" என்றான். கணவன்மார்களுக்குப் பெண்கள் தொழில் செய்வது எப்போதும் கேலிதான்.

ஆனால் பலனைப் பாருங்கள். ஒரே வாரத்தில், அண்ணன் இரண்டு மாதம் தைத்தாலும் தீராத ஆர்டர் வந்திருக்கிறது. பதிவை எடுத்தால் காரணம் கேட்பார்கள். நான் என்ன சொல்வேன்? திரும்பி வந்துவிட்டார் என்றா?

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கையெழுத்து மிக அழகு. கடிதத்தைப் படம் எடுத்து, மர்யமின் நன்றிக் கடிதம் என்று குழுவில் போட்டேன். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. பாதிப் பேர் தமிழர்கள்தான், ஆனாலும் பயமில்லை.

அன்புடன்,
ஹரிதா


தாராவி
17 பிப்ரவரி 2023

ஹரிதா மேடத்துக்கு,

என் கடிதத்துக்கு முந்நூறு பேர் இதயம் போட்டிருப்பதாகத் தமன்னா சொன்னாள். 'என் வீட்டுக்காரர் நலமாக இருக்கிறார்' என்ற வரிக்குக் கீழே ஒரு அம்மா, என்ன மனவலிமை என்று எழுதியிருக்கிறார்.

பதிவு இருக்கட்டும் என்று இவர் சொல்லிவிட்டார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். என் சம்மதம் என்று நினைக்க வேண்டாம்.

பக்கத்துச் சந்தில் ஏற்றுமதிக்காரர் ஒருவர் இவருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தார். தீபாவளியோடு அவர் கதவை மூடிவிட்டார். அதிலிருந்து இவர் தினமும் காலையில் மேலே போய் உட்கார்ந்து வெட்டுத்துண்டுகளில் தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பொழுது போகாதவர்கள் சீட்டாடுவார்கள், இவர் அதைச் செய்தார். இப்போது வேலை வந்துவிட்டது. "பேரு யாருக்கு வேணும் மர்யம்? பை போவுதுல்ல" என்கிறார். நான் டீயை அவருக்கு முன்னால் வைக்க மறந்தால், "மௌத்தானவனுக்கு டீ கெடையாதோ" என்று கேட்கிறார். நாகராஜ் பார்சலுக்கு அனுப்புநர் பெயர் கேட்டபோது "மர்ஹூம் கரீம் பாட்சான்னு போடு" என்றார். காலஞ்சென்ற என்று அர்த்தம். நாகராஜ் போட்டும்விட்டான்.

வாய்விட்டுச் சொல்லும் வார்த்தைக்கு ஒரு கனம் உண்டு என்று நான் நம்புகிறவள். அவரிடம் சொன்னேன். "சாவாத மனுசன் இருக்கானா, முன்னப் பின்னத்தான்" என்றுவிட்டுத் தைக்கப் போய்விட்டார்.

என் கடிதங்களை இனிப் படம் எடுக்காதீர்கள். இதுவாவது நடக்கட்டும்.

மர்யம்


செம்பூர்
10 மார்ச் 2023

அன்புள்ள மர்யம் அக்கா,

அண்ணன் பெரிய மனது உள்ளவர். அவரைப் போன்றவர்களால்தான் பெண்கள் முன்னேற முடிகிறது.

ஒரு சின்ன விஷயம். உங்கள் கடிதத்தைப் படித்த ஒருவர் இருக்கிறார். அணுசக்தி நகரில் விஜயலட்சுமி மேடம் என்று ஒருவர், ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 'தமிழில் எழுதியிருப்பதைப் படித்தேன்' என்று எனக்குத் தனியாக ஒரே ஒரு வரி அனுப்பினார். எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இரண்டு பை ஆர்டர் போட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பக்குவமான மனுஷி.

இப்போது வந்தனா வீடியோ கேட்கிறார். மர்யம் தைப்பதை எல்லோரும் பார்க்க ஆசைப்படுகிறார்கள். உங்களுக்குத் தைத்துப் பழக்கமில்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். முகம் வேண்டாம் என்று நான் பேசிவிட்டேன், துக்கத்தில் இருக்கும் பெண் முகம் காட்ட விரும்பவில்லை என்றதும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கை மட்டும் போதும். அண்ணனுக்கு மெலிந்த கைதான். வளையல் போட்டால் தெரியாது. முழங்கை வரை கொஞ்சம் மழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஹரிதா


தாராவி
31 மார்ச் 2023

ஹரிதா மேடத்துக்கு,

வீடியோ வந்து சேர்ந்திருக்கும். அதில் இருப்பது என் பச்சைக் கண்ணாடி வளையல்கள். சோப்புப் போட்டுத்தான் ஏற்ற முடிந்தது. தமன்னா அவர் கையைப் பிடித்துக்கொள்ள, நான் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஒன்று உடைந்தது. "கல்யாணத்துலகூட இவ்ளோ பாடு படல" என்றார். தைக்க ஆரம்பித்ததும் வளையல் சத்தம் கேட்டு ஊசியை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பக்கத்தில் வந்து நிற்கிறேன் என்று நினைத்தாராம்.

அதுவரைக்கும் சிரித்தோம்.

போன வாரம் உங்கள் குழுவிலிருந்து இரண்டு பேர் மேப் பார்த்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். நோன்பு நேரம். இவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நீங்கள் யார் என்று ஹிந்தியில் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் என்று சொல்லிவிட்டார். அதில் ஒரு அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் போன்றவர்கள்தான் இந்த அனாதைப் பெண்ணுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்றார். சரி என்றார் இவர். என் வீட்டு வாசலில், என் முன்னால், என்னைப் பார்த்துக்கொள்வதாக ஒரு அந்நிய மனுஷியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு எதிர்ச் சந்தில் போய் நின்றார். அவர்கள் போகும்வரை அங்கேயே நின்றார்.

அன்றிலிருந்து பகலில் கீழே இறங்குவதில்லை. எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். கீழே ஒரு அறை, தகரக் கூரைக்கு அடியில் மேலே ஒரு அறை, நடுவில் ஏணி. மேலேதான் பட்டறை. தோல் தூசியும் பசை வாடையும் எப்போதும் இருக்கும், அதனால் மணிக்கொரு தடவை இறங்கி வாசலில் காற்று வாங்குவார். இப்போது அது இல்லை. இருமல் கூடியிருக்கிறது.

இனி யாரும் வீட்டுக்கு வர வேண்டாம் என்று உங்கள் குழுவில் எழுதுங்கள்.

மர்யம்


செம்பூர்
5 மே 2023

அன்புள்ள மர்யம் அக்கா,

எழுதினேன். தனித்தனியாகப் போகாதீர்கள் என்று எழுதினேன். அதனால் எல்லோரும் சேர்ந்து வருவது என்று முடிவாகியிருக்கிறது.

நான் எவ்வளவோ தடுத்தேன். 'கைவினைஞரைச் சந்திப்போம்' என்று வந்தனா பெயரும் வைத்து, படமும் போட்டுவிட்டார். 13ஆம் தேதி சனிக்கிழமை, பதினொரு மணிக்கு. பத்துப் பன்னிரண்டு பேர். அரை மணி நேரம்தான். நேரலையாகவும் போகும். இது நல்லபடியாக முடிந்தால் என்னைக் குழுவின் துணை நிர்வாகியாக்குவதாக வந்தனா சொல்லியிருக்கிறார். நான் வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது அக்கா. என்னை யாரும் எதற்கும் நியமித்து ரொம்ப நாள் ஆகிறது.

அண்ணன் அன்றைக்கு மட்டும் வெளியே எங்காவது போய் வரட்டும்.

ஹரிதா


செம்பூர்
14 மே 2023

அன்புள்ள மர்யம் அக்கா,

நேற்று எல்லாம் எவ்வளவு அழகாக நடந்தது. எல்லோருக்கும் மனது நிறைந்துவிட்டது. அரை மணி நேரம் என்று சொன்னது கொஞ்சம் நீண்டுவிட்டது, ஆனால் பாருங்கள், யாருக்கும் கிளம்பவே மனமில்லை.

அண்ணன் வெளியே போகாமல் மேலேயே இருக்கிறார் என்று நீங்கள் காதில் சொன்னீர்கள். முந்தின நாள் ராத்திரியிலிருந்து காய்ச்சல், நடக்க முடியவில்லை என்றீர்கள். முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். ஆனாலும் சமாளித்துவிட்டீர்கள். ஏணி ஓட்டையைப் பலகை போட்டு மூடி, அதற்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தது நல்ல யோசனை. வந்தனா மேலே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டபோது, அது அவர் கணவர் வேலை செய்த இடம், அவர் போன பிறகு திறப்பதில்லை என்று நான் சொன்னேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நேரலையில் அந்த இடத்தை இதுவரை நாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

நடுவில் மேலிருந்து ஒரு சத்தம் வந்தது, இருமல் மாதிரி. விஜயலட்சுமி மேடம் உங்களிடம் தமிழில் ஏதோ கேட்டார், நீங்கள் பதில் சொன்னீர்கள். அதோடு சரி. அப்புறம் கடைசி வரை ஒரு சத்தமும் வரவில்லை. அண்ணனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அவருடைய ஒத்துழைப்பு இல்லாமல் இது நடந்திருக்காது.

என்னைத் துணை நிர்வாகியாக்கிவிட்டார்கள்.

அன்புடன்,
ஹரிதா

பி.கு.: நீங்கள் ஃபோனை எடுக்கவில்லை. களைப்பாக இருப்பீர்கள்.


தாராவி
31 மே 2023

ஹரிதா மேடத்துக்கு,

உங்கள் நன்றியை அவரிடம் சொல்ல முடியவில்லை.

அன்று உங்களுக்குத் தெரிந்தது கீழே நடந்தது மட்டும். மேலே நடந்ததை எழுதுகிறேன். நானும் பார்க்கவில்லை. பலகையை எடுத்த பிறகு தெரிந்துகொண்டதுதான்.

உங்களுக்காகப் பலகையோடு ஜன்னலையும் சாத்த வேண்டியிருந்தது, மேலே ஜன்னலைத் திறந்து வைத்தால் அவர் இருப்பது எதிர்ச் சந்திலிருந்து தெரியும். மின்விசிறி சத்தம் போடும், அதனால் நிறுத்திவிட்டார். முதல்நாள் பசை தடவிய தோல்கள் தரை முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தன. மே மாதத் தகரம். அரை மணி நேரம் என்று நானும் சொல்லியிருந்தேன், அவரும் அதற்குத் தயாராகத்தான் படுத்திருந்தார். நீங்கள் இரண்டரை மணி நேரம் இருந்தீர்கள். கேக் வெட்டினீர்கள்.

இருமல் வந்தது ஒரு தடவைதான். விஜயலட்சுமி அம்மா மேலே பார்த்துவிட்டுக் கேட்டார்: "மேல யாரோ இருமறாப்பல இருக்கேம்மா. தண்ணி கிண்ணி குடுக்கணுமா?"

எனக்கு அப்போது இரண்டு அடி தூரத்தில் உங்கள் கேமரா இருந்தது.

"மேல யாரும் இல்லீங்க" என்றேன்.

பலகை ஒரு விரல் கனம்தான். கீழே பேசுவது எல்லாம் மேலே கேட்கும். அவர் அதைக் கேட்டார். கேட்டதால்தான் அப்புறம் இருமவில்லை. நீங்கள் எல்லோரும் போன பிறகு நான் ஏறிப் பார்த்தபோது, உள்துணி வெட்டும் மிச்சத்துணியை வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவரோரமாகச் சுருண்டு கிடந்தார். கண் திறந்திருந்தது. நான் பேசினால் புரிந்தது. அவரால் பேச முடியவில்லை.

ஏணி வழியாக இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்னால் முடிந்துவிட்டது.

நன்றாக இருந்தபோது என் வாயிலிருந்து அவர் கடைசியாகக் கேட்டது என்ன என்று எனக்குத் தெரியும். நேரலையில் அது இருக்கும். நாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

நான் இப்போது இத்தாவில் இருக்கிறேன். கணவன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் மனைவி வீட்டோடு இருக்க வேண்டும், அலங்காரம் கூடாது. வளையலைக் கழற்றும்போது சோப்பு தேவைப்படவில்லை.

மர்யம்


செம்பூர்
4 ஜூன் 2023

மர்யம் அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். உங்கள் கடிதத்தைக் கௌசிக்கிடம் படித்துக் காட்டினேன். அவன் எழுந்து போய்விட்டான். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

நேரலையைப் போட்டுக் கேட்டேன். இருக்கிறது. முதலில் இருமல், அப்புறம் நீங்கள் சொன்னது. நான் அதில் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பகுதியை வெட்டிவிட வந்தனாவிடம் கேட்டேன். ஏன் என்றார். சும்மாதான் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டேன்.

உங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும். குழுவில் சொன்னால் செய்வார்கள் அக்கா, அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பூனை செத்தால்கூட அழுகிறவர்கள். ஆனால் எப்படிச் சொல்வது? அவர்களைப் பொறுத்தவரை அண்ணனுக்கு ஏற்கனவே எல்லாம் செய்தாகிவிட்டது. ஒரே மனிதருக்கு இரண்டாம் தடவை கேட்க முடியாது.

ராத்திரி முழுக்க யோசித்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தம்பி ஒருவர் இறந்துவிட்டதாக எழுதலாம். கணவர் போன பிறகு குடும்பத்தைத் தாங்கியவர் என்று. பெயர்கூட மாற்ற வேண்டாம். அப்படியானால் எல்லோரும் அண்ணனுக்காக ஒரு தடவையாவது உண்மையாக வருத்தப்படுவார்கள். நீங்கள் வெளியே வராததற்கும் காரணம் கிடைக்கும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

ஹரிதா


தாராவி
9 ஜூன் 2023

ஹரிதா,

அவருக்கு நான் மனைவி. அதைப் பிப்ரவரியில் முடித்து வைத்தீர்கள். இப்போது அக்காவாக்கப் பார்க்கிறீர்கள். வேண்டாம்.

விஜயலட்சுமி அம்மா நேற்றுத் தனியாக வந்தார். பெண்கள் வரலாம், உள்ளே உட்காரவைத்தேன். பேரீச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். "எனக்கு அப்பவே தெரியும்மா. கடுதாசியப் படிச்சேனே" என்றார். தெரிந்து என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை. இரண்டு பை வாங்கினார், அது எனக்குத் தெரியும். போகும்போது ஏணியைப் பார்த்துக்கொண்டே நின்றார். மேலே போய்ப் பாருங்கள், இப்போது நிஜமாகவே யாரும் இல்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவர் வயசானவர், ஏணி ஏற மாட்டார்.

வாங்கி வைத்த ஆர்டரை நான் முடித்துத் தருகிறேன். வெட்டிய தோல் இருக்கிறது. தமன்னா படிக்க வேண்டும். ஊசியை எடுத்துவிட்டேன். நல்ல ஊசிதான்.

மர்யம்


செம்பூர்
18 ஆகஸ்ட் 2023

அன்புள்ள மர்யம் அக்கா,

இந்தக் கடிதத்தை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. வேறு யாரும் எழுத மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

கணபதி விழாவுக்கு முன்னால் செம்பூரில் குழுவின் கண்காட்சி. உங்களுக்கு முதல் மேஜை ஒதுக்கியிருந்தார்கள். மர்யம் வரமாட்டார் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். இத்தா என்று ஒரு நிமிடம் வாய் வரை வந்துவிட்டது. பிப்ரவரிக்கு முன்பே கணவரை இழந்தவர் இப்போது எப்படி இத்தா இருப்பார்? குழுவில் முஸ்லிம் பெண்களும் இருக்கிறார்கள், கணக்குப் பார்ப்பார்கள். உடம்பு சரியில்லை என்றேன். ஆர்டர் அதிகமானதும் திமிர் வந்துவிட்டது என்று ஒருவர் எழுதினார். பதினாறு பேர் அதற்கு ஆமாம் போட்டார்கள்.

அடுத்தது பைகள். ஜூனுக்குப் பிறகு போனவற்றில் தையல் கோணலாக இருக்கிறது என்று புகார். பழைய பையையும் புதிய பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போட்டிருக்கிறார்கள். தைக்கத் தெரிந்தவர் திடீரென்று எப்படி மறப்பார் என்று கேட்கிறார்கள். மர்யம் இப்போது கூலிக்கு ஆள் வைத்துத் தைக்கிறார், அதுவும் ஆண் என்று வந்தனா முடிவு செய்துவிட்டார். 'இந்த முரட்டுத் தையல் பெண் கையில் வராது' என்று எழுதியிருக்கிறார்.

ஆண்கள் செய்ததைப் பெண்கள் பெயரில் விற்பது குழுவின் அடிப்படை விதிக்கு எதிரானது. அதனால் உங்கள் கதையை நீக்கப்போகிறார். நீக்க வேண்டிய பொறுப்பைத் துணை நிர்வாகியான என்னிடமே கொடுத்திருக்கிறார்.

ஒரு வழி இருக்கிறது. நீங்கள்தான் தைக்கிறீர்கள் என்று காட்டி ஒரு நேரலை, பத்து நிமிடம். இந்த முறை பொய்யே இல்லை அக்கா. நிஜமாகவே உங்கள் கை. எல்லோருக்கும் பழைய வீடியோ ஞாபகம் இருக்கிறது. அந்தப் பச்சை வளையலைப் போட்டுக்கொண்டால் போதும், அதே கைதான் என்று உடனே நம்பிவிடுவார்கள்.

தயவுசெய்து செய்யுங்கள். எனக்காக இல்லை, தமன்னாவுக்காக.

ஹரிதா


தாராவி
24 ஆகஸ்ட் 2023

ஹரிதா,

என் வீட்டுக்காரர் கரீம் பாட்சா மௌத்தாகிவிட்டார். நான் விதவை. அவர் விட்டுச்சென்ற ஊசியால் நானே தைக்கிறேன். மேலே உட்கார்ந்துதான் தைக்கிறேன், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. வேறு யாரும் தொடுவதில்லை.

இவ்வளவும் நீங்கள் பிப்ரவரியில் எழுதியதுதான். தமன்னாவை மறுபடி ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒரு வார்த்தை மாற்ற வேண்டியதில்லை. இனி நீக்கிவிடுங்கள்.

கண்காட்சிக்கு வரவில்லை என்று யார் திட்டினாலும் திட்டட்டும். கோணல் தையலைப் பற்றிச் சொல்கிறவர்கள் சொல்வதும் சரிதான். தையல் கோணல்தான். அவர் என்னைத் தைக்க விட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

நேரலை முடியாது. இத்தா முடியவில்லை, முடிந்தாலும் நான் வளையல் போட மாட்டேன். வளையல் இல்லாத கையைக் காட்டினால் அது வேறு யாருடைய கையோ என்று வந்தனா சொல்வார். அவருக்குத் தெரிந்த மர்யமின் கை வளையல் போட்ட கை. அந்தக் கையை மே மாதம் அடக்கம் பண்ணிவிட்டோம்.

கடைசிப் பை இத்தோடு வருகிறது. ஒரு பக்கத் தையல் அவருடையது, காய்ச்சல் வருவதற்கு முன்னால் போட்டது. மறுபக்கம் என்னுடையது. இதை யாருக்கும் விற்க வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உள் ஜிப்பில் பச்சை வளையல்கள் இருக்கின்றன. உடைந்தது போக மீதி. குழுவில் அடுத்து யாருக்காவது கை தேவைப்பட்டால் கொடுங்கள். கொஞ்சம் சிறிசு. சோப்புப் போட்டால் ஏறும்.

மர்யம்